கன்னிப் பூசாரிகளின் தீப்பெட்டி வீடு

ரோமாபுரியில் கன்னிப் பூசாரிகள் குடியிருந்த வீட்டை நான் முந்நூறு தீப்பெட்டிகளால் கட்டினேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, கோவில்பட்டிக்கு வெளியே ஆட்டுக்காரர்கள் குடியிருந்த எங்கள் தெருவில், எங்கள் ஒற்றை அறை வீட்டின் நட்டநடுவில் அது எழுந்தது. ரோமாபுரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். ஆனால் தெரிந்தவன் மாதிரிப் பேச எனக்கு அப்போதே நன்றாக வரும். மூன்றாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான் என்பதால் மறுத்துப் பேசவும் ஆள் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஆளுக்கொரு பழைய கட்டடம் செய்து வரச் சொல்லிவிட்டார் வரலாற்று வாத்தியார். மற்றவர்கள் கல்லணைக்கும் தஞ்சாவூர்க் கோபுரத்துக்கும் போனார்கள். நான் கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றில் இந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த ஊரின் அடுப்புத் தெய்வம் வெஸ்டா. அவள் கோயில் நெருப்பு அணையவே கூடாது. அதைக் காக்க ஆறு பெண்கள். கோயிலை ஒட்டி அவர்களுக்கென்று ஒரு மாடி வீடு. நடுவில் நீளமான முற்றம், முற்றத்தில் குளங்கள், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். படத்தைப் பார்த்ததுமே இதைத் தீப்பெட்டியில்தான் கட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அக்கா பெட்டி ஒட்டுவாள். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு உட்கார்ந்தவளுக்கு அப்போது பத்தொன்பது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து அட்டையும் லேபிளும் போட்டுவிட்டு, ஒட்டிய காலிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போகும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து அவளே பசை கிண்டுவாள். அவள் ஒட்டிய பெட்டியைக் கீழே போட்டு மிதித்தால் நசுங்குமே தவிர மூலை பிரியாது. வேன்காரர் மற்ற வீட்டுப் பெட்டிகளைத் தட்டிப் பார்ப்பார். அவள் பெட்டியை அப்படியே கொட்டிக்கொள்வார்.

"உனக்கு நான் தனியா ஒட்டித் தாரேன்லே. ஆபீஸ் பெட்டியில கை வைக்காத" என்றாள். நான் அடுக்க, அவள் ஒட்டிக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக அவியளா விரும்பிப் போனாவளா?"

"இல்ல. ஆறு வயசுலேர்ந்து பத்து வயசுக்குள்ள பாத்து, பெரிய பூசாரி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாரு."

"பிறகு?"

"முப்பது வருசம். அதுவரைக்கும் கல்யாணம் கிடையாது. ஆனா அவியளுக்கு மரியாதைய பாக்கணுமே! ரோட்டுல வந்தா அதிகாரியே வழி விடுவான்."

"தண்ணி யாரு எடுப்பா?"

"அவியதான். ஊத்துலேர்ந்து சுமந்துட்டு வரணும்."

"மரியாதையும் குடுத்து, குடத்தையும் குடுத்துட்டானாக்கும்" என்று சிரித்தாள். அடுத்த அட்டையை மடித்துக்கொண்டே, "நெருப்ப அணைய விட்டுட்டா?" என்றாள்.

"பெரிய பூசாரி அடிப்பாரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அடிதான்."

"அடிதானா?" என்றாள் அக்கா. அந்தக் கேள்வி எனக்கு அற்பமாகத் தோன்றியது. நான் தூண்களின் உயரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

அந்த வாரம்தான் எட்டயபுரம் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போன அப்பா, குளத்தூர்க்காரர் ஒருவரிடம் அக்காவைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர்கள் ஊருக்கும் புதிதாக வேன் போக ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளையின் அண்ணிமார் மூன்று பேரும் விடிந்தது முதல் வரிசையாக உட்கார்ந்து ஒட்டுகிறார்களாம். நாலாவதாக ஒரு நல்ல கை வேண்டியிருந்தது. அக்கா அம்மாவிடம் ஒரே ஒரு தடவைதான், "எனக்கு வேண்டாம்மா" என்றாள்.

"ஏட்டி, அப்பா வாக்குக் குடுத்தாச்சு. இனி அவியளா வேண்டாம்னு சொன்னாத்தான் உண்டு" என்றாள் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது. நான் அப்போது இரண்டாவது மாடிக்கு வந்திருந்தேன்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வதில்லை, நடக்கச் சொல்வதில்லை. பெண் ஒட்டிய பெட்டி ஒன்றை எடுத்து இரண்டு விரலால் மூலையை அழுத்திப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளத்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். திங்கட்கிழமை எனக்குக் கண்காட்சி. இடத்தை அடைக்கிறதே என்று அம்மா என் வீட்டை ஆட்டுக் கொட்டகைக்குத் தூக்கப் பார்த்தாள். "நடுவுலயே இருக்கட்டும்மா, வாரவிய பாக்கட்டும்" என்று அக்காதான் தடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் நாளே வேன் வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போயிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த பெட்டிகள் என் மாளிகையில் இருந்தவை மட்டும்தான்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்து முடித்ததும், "பொண்ணு ஒட்டுன பெட்டி ஒண்ணு தாங்க மதினி" என்றாள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "இது பூராவும் அக்கா ஒட்டுனதுதான்" என்று அறிவித்தேன். வெஸ்டாவைப் பற்றியும் தொடங்கினேன். அந்த அம்மா அதைக் காதில் வாங்காமல் மேல்மாடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அழுத்தினாள். மூலை வாய் பிளந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் பிளந்தது. மூன்றாவதை அடியிலிருந்து உருவினாள். அறைகள், தூண்கள், முற்றம் எல்லாம் பொலபொலவென்று சரிந்தன.

"பசை பிடிக்கவே இல்லையே அண்ணாச்சி!" என்றாள் அப்பாவைப் பார்த்து.

"இவ கை அப்படிக் கிடையாதே" என்று அம்மா திணறினாள். "ஏட்டி, ஒண்ணு ஒட்டிக் காட்டு."

அக்கா உட்கார்ந்தாள். சாதாரணமாக நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பெட்டி முடிந்திருக்கும். அன்று அட்டை கோணியது, பசை வழிந்தது, லேபிள் தலைகீழாக ஏறியது. "எனக்கு இவ்வளவுதான் அத்தை வரும்" என்று நீட்டினாள். புது ஆட்களைப் பார்த்த கூச்சம் என்று நினைத்தேன். அந்த அம்மா பெட்டியை வாங்காமலே, மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா அகப்பையால் அக்காவின் கையில் இரண்டு போட்டாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படும் நிலையிலும் இல்லை. என் ரோமாபுரி தரையில் கிடந்தது.

"ஒனக்கு என்ன கேடு? எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒட்டுன?" என்று கத்தினேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும்.

"மைதா பத்தலைலே" என்றாள். "அழாத. பொழுது சாயிறதுக்குள்ள முடிச்சுத் தாரேன்."

உடனே புதுப் பசை கிண்டினாள். வழக்கமான வாடை வீடெங்கும் ஏறியது. விரல்கள் பழையபடி ஓடின. அடி வாங்கியவள் மாதிரியே இல்லை. வாயில் ஏதோ ஒரு பாட்டு வேறு.

மறுநாள் என் மேசையில் கூட்டம் கூடியது. தலைமையாசிரியர் மாடியின் மேல் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தினார். வீடு அசையவில்லை. "என்னலே, சிமெண்டா?" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அணையா நெருப்பையும் ஆறு பெண்களையும் முப்பது வருடத்தையும் விளக்கினேன். மத்தியானம் பிள்ளைகளின் வீட்டாரை உள்ளே விட்டார்கள். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முழங்கைக்குக் கீழே அகப்பை பட்ட இடம் கன்றிப்போயிருந்தது. அக்கா, யாரோ மாதிரி மரியாதையாகக் கேட்டாள்:

"தம்பி, அதுல ஒருத்தி வேணும்னே நெருப்ப அணைய விட்டிருந்தா?"

வரலாற்று வாத்தியார் பக்கத்தில் நின்றிருந்தார். அதனால் குரலை உயர்த்தி, புத்தகத் தமிழில் பதில் சொன்னேன். "அடி விழும் என்று தெரிந்த பிறகும் யாராவது அப்படிச் செய்வார்களா? ஆயிரம் வருடத்தில் அப்படி ஒருத்திகூட இருந்திருக்க முடியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தம்பி இவ்வளவு தெளிவாகப் பேசுகிறானே என்ற சந்தோஷம் போலும் என்று எண்ணிக்கொண்டு, நான் அடுத்த கேள்விக்குத் தயாரானேன்.