பெயருக்கு எழுத்து இல்லாதவன்

தங்கையின் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

அவன் கொரியாக்காரன். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ப்ராஜெக்டுக்காக வந்தவன். கொரிய மொழி படித்திருந்ததால் அவனோடு பேசும் வேலை என் தலையில் விழுந்தது. விழட்டும் என்றுதான் நானும் இருந்தேன். முப்பத்துநாலு வயதிலும் கல்யாணமாகாதவள், எனக்கும் ஆசை இருக்காதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். அவன் என் தங்கையைப் பார்த்தான். என் கதை அத்தோடு முடிந்தது.

அவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று தங்கை சொன்னதும், அப்பா சில மாதங்கள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மெல்ல இறங்கி வந்தார். இறக்கியவள் தங்கை. அங்கேயும் பெயர் வைப்பது குடும்பத்துப் பெரியவர்கள்தான் என்று ஒருநாள் அவரிடம் சொன்னாள். கொரியப் பெயரைச் சீன எழுத்திலும் எழுதுவார்களாம்; ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டாம். எந்த எழுத்து என்று பெரியவர் தேர்ந்து கொடுத்தால்தான் பெயருக்கு அர்த்தம் நிற்குமாம். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் நட்சத்திரம் பார்த்துப் பெயர் எடுத்துக் கொடுப்பவர் அவர்.

"அப்போ அவன் பேருக்கு எந்த எழுத்தாக்கும்? கேட்டுண்டு வா" என்றார் என்னிடம்.

மறுநாள் கேன்டீனில் கேட்டேன். இரண்டு அசைப் பெயர். அங்கே வெகு சாதாரணம். முதல் அசையை அறிவு என்று பொருள் வரும் எழுத்திலும் எழுதலாம், நிலம் என்று பொருள் வரும் எழுத்திலும் எழுதலாம். அவனுடையது எது? குடும்பப் பதிவேட்டின் நகலைப் போனில் காட்டினான். எழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அவன் அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். கூப்பிடுவதற்கு ஒரு ஒலியை வைத்தவர்கள், எழுத்தைத் தேட மெனக்கெடவில்லை. இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னான். அதற்கப்புறம் கொஞ்சம் கூச்சப்பட்டு, பின்னாலும் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், உங்கள் அப்பாவே எனக்குத் தேர்ந்து கொடுப்பாரா, கேட்டுச் சொல்கிறீர்களா என்றான்.

இதை அப்படியே போய்ச் சொல்லியிருந்தால் அப்பா அன்றைக்கே பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பார். எனக்கு அது நன்றாகவே தெரியும். நான் பாதியை மட்டும் சொன்னேன்.

"எழுத்தே கிடையாதுப்பா. எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அப்பா அம்மா யாருன்னே தெரியாதாம்."

அப்பா தங்கையைப் பார்த்தார். "நோக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நீயும் அவனும் இத்தனை நாளா ஒரு வார்த்தை மிண்டலையே. இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார்.

அடுத்த நாள் நான் அலுவலகத்தில் பையை வைப்பதற்குள் அவன் வந்து நின்றான். அப்பா என்ன எழுத்து சொன்னார் என்று கேட்டான். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றும் சொன்னான்.

"ரொம்ப நேரம் யோசித்தார். உனக்குக் கொடுக்க அவரிடம் எழுத்து எதுவும் இல்லையாம்" என்றேன்.

அவன் இடுப்பை வளைத்து எனக்கு நன்றி சொன்னான். அந்த மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டான். நான் சொன்னதைத் தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

ஒருவன் வாய்விட்டுக் கேட்டும் அப்பா ஒரு எழுத்துக்கூடத் தரவில்லை என்று அவள் இன்றும் நம்புகிறாள். மூன்று வருஷமாக அவரோடு பேசுவதில்லை. கல்யாணம் வேண்டாம் என்றதற்கா இத்தனை வருஷக் கோபம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அவளுக்கு இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் துணை.