வார்டுக்குப் போன கெட்டிமேளம்

கொழும்பு டி.ஜே. நண்பர்கள் என்னைக் கண்டால் சிரிப்பார்கள். "கண்டியில எல்லாரும் ஏழு மணிக்கே படுத்துருவீங்களாமே?" என்பார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைப் பக்கம் சத்தம் போடக் கூடாது. போயா என்கிற பௌர்ணமி நாளில் எங்கேயும் போடக் கூடாது. பெரஹரா ஊர்வலம் போகும் நாட்களில் ஊரே மேளக்காரர்களுக்குச் சொந்தம். வாவியைச் சுற்றி இரண்டு மூன்று ஹோட்டல்களில் சனிக்கிழமை ஆட்டம் உண்டு. அங்கேயும் நான் போயிருக்கிறேன். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது கலியாண மண்டபங்கள்தான். பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடி, விளக்குகளைச் சுற்றவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரும் சனத்துக்காகப் பாட்டுப் போடுகிறோம். கண்டியின் இரவு வாழ்க்கை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பமாகிறது.

தமிழ்க் கலியாணம் என்றால் வேலை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும். நாதஸ்வரக் கோஷ்டிக்குச் சொல்லாத வீடுகளில் கெட்டிமேளமும் என் லெப்டொப்பிலிருந்துதான் வரவேண்டும். ஐயர் கையை உயர்த்துவார், நான் பட்டனைத் தட்டுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இரைச்சல், கீச்சொலி எதுவும் இல்லாத சுத்தமான சத்தம் வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஒரு நாள் தன் கலியாணத்துக்குப் பாட்டுப் பேச ஒரு பெண் தன் அப்பாவோடு என் அறைக்கு வந்தாள். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அறை அது. அப்பா தெல்தெனிய ரூட்டில் பிரைவேட் பஸ் ஓட்டுகிறவர். உட்காரச் சொன்னால் உட்காராமல் என் ஸ்பீக்கர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டுகளுக்கு ஒழுங்கு போட ஆரம்பித்தார்.

"மொதல்ல நம்ம குத்துப் பாட்டு. பொறகு சிங்களப் பைலா. கடைசியா கிரிக்கெட் மேட்ச்ல ஊதுற பப்பரே. எங்க பஸ் ஸ்டாண்ட் பயலுக எல்லாம் வருவானுங்க தம்பி, பைலா இல்லைன்னா மண்டபத்தையே தூக்கிருவானுங்க. நானும் ஆடுவேன்."

"அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால மானத்த வாங்காதீங்க" என்றாள் மகள்.

"ஒன் கலியாணத்துல நான் ஆடாம வேற எவன் ஆடுவான்?"

கலியாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது அவரைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் கெட்டுப்போயிருந்தது. அவர் திரும்பி வீட்டுக்கு வரவில்லை. இதைக் கடைசி வரை ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. கலியாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிக்குக் காத்திருக்க வேண்டும். அவருக்கு ஆவணி வரைக்கும் நம்பிக்கை இருக்கவில்லை போலிருக்கிறது.

மண்டபம் கடுகண்ணாவையில், மலைச்சரிவில் இருந்தது. ஆஸ்பத்திரி கிட்டத்தான். தாலி கட்டியதும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். தாலி ஏறிய கழுத்தோடு முதலில் புகுந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது, மறுவீட்டுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பாட்டுப் போட வந்தவன் அதில் என்ன பேச முடியும்? மறுவீடு வரும் வரை அவர் இருக்கவில்லை.

அன்று காலையில் மணப்பெண் அலங்காரத்தோடு என் மேசைக்கு வந்தாள். போனைக் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, தாலி கட்டுறத அப்பா கேக்கணும். சித்தப்பா வார்டுல அவருக்கிட்டதான் இருக்காரு. வீடியோ எடுத்தா இந்த மலையில நின்னு நின்னு போகுது. சத்தமாவது போகட்டும்."

அதற்கென்ன என்றேன். போனை என் மிக்சரில் மாட்டினேன். என் பாட்டு நேரே போனுக்குள் போகும். அந்தப் பக்கம் அவர் பேசினால் மிக்சருக்கு வரும். சரிபார்க்க வேண்டுமே என்று கெட்டிமேளத்தைக் கொஞ்சம் ஓடவிட்டேன்.

"அடேங்கப்பா, பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கே தம்பி" என்றார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. எனக்குத் தலை இன்னும் கொஞ்சம் கனத்தது. ஐயரின் மைக்கில் ஓமப்புகை இருமலும் பிள்ளைகளின் அழுகையும் வரும் என்று அதை அந்த வயருக்கு விடாமல் நிறுத்தினேன். அவருக்குப் போவது சுத்தமாகப் போகட்டும் என்று நினைத்தேன். அவர் பக்கத்துச் சத்தம் மண்டபத்துக்குள் வராமல் அதையும் மூடிவைத்தேன்.

முகூர்த்தம் வந்தது. ஐயர் கையை உயர்த்தினார். நான் தட்டினேன். அட்சதை பறந்தது, பெண்கள் குலவையிட்டார்கள், மணப்பெண் தலை குனிந்திருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். காதில் அவருடைய சொந்தப் போன் இருந்தது, அந்தப் பக்கம் சித்தப்பா.

"தம்பி, அவரு இன்னும் தாலி கட்டலயான்னு கேட்டுக்கிட்டே இருக்காராம்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. காலையில் அவர் கேட்டதும் அதே பதிவு, முகூர்த்தத்தில் கேட்டதும் அதே பதிவு. ஒரு குலவை இல்லை, ஓர் இருமல் இல்லை, ஒரு பிள்ளையின் சிணுங்கல்கூட இல்லை. இந்தப் பயல் இன்னொரு முறை டெஸ்ட் பண்ணுகிறான் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிஜக் கெட்டிமேளத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார் மனிதர். மகளின் கழுத்தில் தாலி ஏறியது அவருக்குத் தெரியாமலே நடந்துவிட்டது.

மணப்பெண் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து கேட்டாள்: "அப்பா கேட்டாரா அண்ணே?"

கேட்டார் என்று சொல்லிச் சமாளிக்க வாய் வரை வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் என் மிக்சரைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இப்ப அழுதா போட்ட மேக்கப் எல்லாம் போயிரும்" என்றாள். "தாலி ஏறினத அவருக்கு நானே சொல்றேன், யாரும் சொல்லிறாதீங்க. ஆட்டத்தையாச்சும் கேக்க வைங்க."

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் போனுக்குப் போன பாட்டு வயரைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு மைக்கைக் கட்டையான ஸ்டாண்டில் பூட்டி, ஆடும் இடத்தின் ஓரத்தில், தரையோடு தரையாக வைத்தேன். அதை மட்டும் போனுக்கு விட்டேன். அவருடைய குரலை மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்களுக்குத் திறந்தேன். குத்துப் பாட்டுப் போட்டேன், பைலா போட்டேன், எல்லாம் அவர் சொன்ன ஒழுங்குதான். பஸ் ஸ்டாண்ட் கூட்டாளிகள் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமாக வந்திருந்தார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினார்கள். மணப்பெண் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மைக்குப் பக்கத்திலேயே நின்று ஆடினாள்.

"ஒண்ணும் வெளங்கலம்மா, எரைச்சலா இருக்கு" என்று அவர் குரல் வந்தது.

ஓடுகிற பாட்டை நடுவில் நிறுத்துவது எங்கள் தொழிலில் பெரிய பாவம். நான் சத்தத்தை அடியோடு இறக்கினேன். சனம் பாட்டை விடவில்லை. கைதட்டிக்கொண்டு அவர்களே பாடினார்கள், கால்கள் தரையில் விழுந்துகொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் புரிந்துகொண்டு அடங்கினார்கள். மணப்பெண்ணின் கால்கள் மட்டும் நிற்கவில்லை.

"என்னம்மா டக் டக்குனு கேக்குது? மெட்டியா?"

"மெட்டிதான்ப்பா."

"போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா. தாலி கட்டியாச்சு, மெட்டியும் போட்டாச்சு."

அம்மா வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஏன் பாட்ட நிப்பாட்டிட்டீங்க?" என்றார் ஸ்பீக்கரிலிருந்து. "ரைட், போகட்டும்."

பஸ் ஸ்டாண்ட் கூட்டாளிகள் "ரைட் ரைட்!" என்று கத்தினார்கள். நான் சத்தத்தை ஏற்றினேன். பப்பரே போட்டேன். அன்று ஆடிய மாதிரி ஓர் ஆட்டத்தை நான் எந்த ஹோட்டலிலும் பார்த்ததில்லை.

சனம் கலைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் காரைச் சோடித்து வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார்கள். விளக்கேற்றுகிற நேரத்துக்குள் வீடு போய்ச் சேர வேண்டுமாம். நான் பெட்டிகளைக் கட்டினேன், வயர்களைச் சுற்றினேன். மிக்சரையும் போனையும் மட்டும் கழற்றாமல் வைத்திருந்தேன். அழைப்பு இன்னும் வெட்டுப்படவில்லை. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தேன்.

தூங்கிவிட்டார். போன் தலையணையில் கிடந்திருக்க வேண்டும். மூச்சு சீராக, கொஞ்சம் கரகரத்து, என் காதுக்குள்ளேயே போய் வந்தது.

மணப்பெண் தன் போனை வாங்கிக்கொள்ளவும் விடைபெறவும் வந்தாள். நான் ஹெட்போனை நீட்டினேன். தலையில் பூ கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அதை மாட்டிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் காதோடு சேர்த்து அழுத்தினாள். வெளியே கார் ஹோர்ன் அடித்தது. "நேரம் போகுது" என்று மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தி உள்ளே வந்து கூப்பிட்டாள். மணப்பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாதீங்க அத்த" என்றாள் மெதுவாக. "அப்பா தூங்குறாரு."