எர்த் குழியில் தேயிலை

1. ஸ்வெட்டர் பையில் ஃப்யூஸ்

வயர்லெஸ் இன்டர்நெட் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதில் வயர் உண்டு என்பதுதான். எனக்கு இது தெரியவந்தது ஒரு மழைக்காலக் காலையில். எங்கள் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார் மின்வாரிய ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். கோவையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மங்கி கேப்புக்குள்ளிருந்து மூக்கும் சட்டமும் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏனுங்கம்மா, போர்டுல வயர்லெஸ்ஸுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. இங்க பாத்தா நோம்பிக்குக் கட்டுன சீரியல் லைட்டாட்டம் வயரா தொங்குது?"

"காத்துல போறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் வயர்ல வரணுமுங்க சார்."

"அந்தக் கொஞ்ச தூரத்த இழுத்தது யாரு? லைசென்ஸ் இருக்குதுங்களா?"

நான் அதை இழுத்த செல்வராஜைப் பார்த்தேன். செல்வராஜ் மூடுபனியைப் பார்த்தார். மூடுபனியிடமும் லைசென்ஸ் இல்லை.

"ஒண்ணு கேட்டுக்கோங்க," என்றார் ஏ.இ. "சுவத்துல இருக்கற ப்ளக் பாயின்ட்டு வரைக்கும் என்னோட சட்டம். அதுக்கு மேல உங்க ஆகாசம். உங்க ஆகாசத்துல நான் தலையிட மாட்டேன். ஆனா லைசென்ஸ் இல்லாத ஆள் இழுத்த லைன்ல நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா, பேப்பர்ல உங்க பேரு வராது, என் பேருதான் வரும். கான்ட்ராக்டர் கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க."

ஃப்யூஸ் அவர் பைக்குள் கனமாகத் தொங்க, ஜீப் கீழே இறங்கியது. மலைச்சரிவில் எங்களை நம்பியிருந்த வீடுகளில் ஒவ்வொரு திரையாகச் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது.

2. கூரையும் கம்பமும்

நாங்கள் நின்றிருந்தது கோத்தகிரிக்கு மேலே, மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரியின் வாசலில். அதே ஃபேக்டரியின் ஆபீசில்தான் நான் கிளார்க்காக இருந்தேன். செல்வராஜ் அங்கே ஃபிட்டர். அவருடைய பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். பச்சை இலைக்கு விலை விழுந்தது, விழுந்ததே எழவில்லை. ஒருநாள் பாய்லர் அணைந்தது. இலை வாட்டும் மாடியில் காற்று மட்டும் தன்னைத்தானே வாட்டிக்கொண்டிருந்தது. அந்த மாடியின் கூரைதான் சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம். முதலாளி அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். கூரையில் ஒரு இரும்புக் கம்பம், கம்பத்தில் டிஷ், வாட்ச்மேன் குவாட்டர்ஸிலிருந்து கரண்ட். இதுதான் எங்கள் கம்பெனி.

தேயிலை வீழ்ச்சியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். எங்கள் கணக்கு கம்பத்தின் உயரம். பறிக்காமல் விட்ட தேயிலைச் செடி சும்மா இருக்காது, மரமாகப் பார்க்கும். இடுப்புயரத்தில் இருந்த செடி தலைக்கு மேல் போய், சரிவில் இருந்த வீடுகளுக்கும் எங்கள் டிஷ்ஷுக்கும் நடுவே நின்றுகொள்ளும். விலை இறங்க இறங்க, நாங்கள் கம்பத்தை ஏற்றிக்கொண்டே போனோம்.

மத்தியானத்துக்குள் போன் வர ஆரம்பித்தது. கேரட் போட்டிருந்த ஒரு படகர் வீட்டு அண்ணன், "நெட்டு இல்லாம மேட்டுப்பாளையம் மண்டி வெலை தெரியல அம்மா," என்றார்.

"தெரிஞ்சா மட்டும் ஏறவா போகுது அண்ணா?"

"ஏறாது. எவ்வளவு எறங்குச்சுன்னு பாத்துட்டுத் தூங்கலாமில்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. எல்லோரும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். செல்வராஜின் மைத்துனர் அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்தக் கூரையில் கரண்ட் இருக்கும் வரைதான் செல்வராஜ் இந்த மலையில் இருப்பார். அவர் போனால் கம்பத்தில் ஏற ஆளில்லை. எனக்கு அப்போது ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும்.

செல்வராஜின் மனைவி பாக்கியம் வாசலிலேயே சொல்லிவிட்டாள். "ஆகாயத்துல நெட்டு விடுற வேலைன்னு இவரு சொன்னப்பவே நெனச்சேன் கோமதியக்கா. இந்த வாரத்துக்குள்ள ஃப்யூஸ் வரட்டும். வரலைன்னா நாங்க பஸ் ஏறுறோம்."

3. எலுமிச்சம்பழம்

கான்ட்ராக்டர் லைசென்ஸ் உள்ளவர் மேட்டுப்பாளையத்தில் இருந்தார், பழனிச்சாமி என்று பெயர். நானும் செல்வராஜும் பஸ் பிடித்து இறங்கினோம்.

"வேலை சின்னதுதானுங்க," என்றார் அவர். "ஆனா எனக்கு மலை ஆகாது. மொத வளைவுல காது அடைக்கும், அடுத்த வளைவுல வாந்தி. போட்டோ எடுத்து நெட்டுல அனுப்பியுடுங்க, பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"நெட்டு இல்லீங்களே. அதுக்குத்தானுங்களே வந்திருக்கறோம்."

செல்வராஜ் மெல்லச் சொன்னார். "எங்கம்மா என்னைய வயித்துல வச்சிக்கிட்டு சிலோன்ல இருந்து கப்பல்ல வந்துச்சாம் சார். அதுவே வாந்தி எடுக்கலயாம்."

மறுநாள் காலை பழனிச்சாமி வந்து இறங்கினார், மூக்கோடு சேர்த்துப் பிடித்த எலுமிச்சம்பழத்தோடு. பழத்தைக் கீழே வைக்காமலே வேலை வாங்கினார். ஒரு கையால் காட்டுவார், செல்வராஜ் இரண்டு கையாலும் செய்வார். தொங்கிய வயரெல்லாம் பைப்புக்குள் போனது. புது ஸ்விட்ச், ட்ரிப்பர், வீட்டுக் கணக்குக்குப் பதில் கடைக் கணக்கில் தனி இணைப்புக்கு விண்ணப்பம். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் நல்ல இடத்தில் நின்றது. "அருமையான எர்த்துங்க. மலை மண்ணுன்னா சும்மாவா!" என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தில் எலுமிச்சை வாசம் அடித்தது.

4. மண்ணுக்கு என்ன வாசம்

பழனிச்சாமி மலை இறங்குவதற்கு முன்பே ஏ.இ. தன்னுடைய மீட்டரைக் கொண்டுவந்தார். அதிலும் முள் நல்ல இடத்தில்தான் நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அவர் மட்டும் குழியருகே குந்தி உட்கார்ந்தார். ஒரு குச்சியால் கிளறினார். மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, உள்ள என்ன போட்டீங்க?"

"மண்ணுதான் சார்," என்றார் செல்வராஜ்.

"மண்ணுல டஸ்ட் டீ வாசம் வருது?"

எர்த் குழிக்குள் கரியும் உப்பும் போட வேண்டும். கம்பம் நட்டபோது செல்வராஜ் போட்டது, ஃபேக்டரி குடோனில் மக்கிக்கிடந்த டீ வேஸ்ட். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"கரி மூட்டைய கோத்தகிரியில இருந்து தூக்கியாரணும் சார். இது இங்கனயே சும்மா கெடந்துச்சு. ஈரத்தையும் நல்லாப் புடிக்குது."

ஏ.இ. குச்சியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "டீத்தூள விடக் கரிக்கு மதிப்பு வந்துருச்சுங்களா?"

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நான் தேயிலை ஆபீஸ் கிளார்க். கலப்படத்துக்குப் போய்விடும் என்பதால் டீ வேஸ்ட் வைத்திருப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். அந்த விதி என் நாக்கு நுனியில் குடியிருந்தது. "அதுக்கு லைசென்ஸ் வேற ஆபீஸ்ல வாங்கணுமுங்க சார், எங்ககிட்ட அதுவும் இல்லீங்க," என்று நானே சொன்னேன்.

செல்வராஜ் என் காலை மிதித்தார். பழனிச்சாமி எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தார்.

ஏ.இ. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இங்க பாருங்கம்மா, நான் கரண்ட்டுக்காரன். எனக்கு ஜலதோசம். எந்த வாசமும் தெரியல. ஆனா வெய்யக்காலத்துல இது காஞ்சுரும், அப்ப இந்த ரீடிங் நிக்காது, கம்பத்துல ஏறுன ஆள் நிக்க மாட்டான். தோண்டி எறிஞ்சுட்டு முறையாக் கரியும் உப்பும் போடுங்க."

அன்று சாயங்காலமே தோண்டி, குழியிலிருந்த டீ வேஸ்டைக் கூரைக்கு எதிர்ச் சரிவில் கொட்டினோம். கரி வந்தது, உப்பு வந்தது. ஏ.இ. மீண்டும் பார்த்துவிட்டு ஸ்வெட்டர் பையிலிருந்து ஃப்யூஸை எடுத்துக் கொடுத்தார். கதகதப்பாக இருந்தது. போகும்போது சொன்னார்: "இவருக்கு ஒரு வயர்மேன் சர்டிபிகேட் எடுத்து வைங்க. கை நல்ல கை. கைக்குப் பேப்பர்தான் இல்ல."

5. கைக்குப் பேப்பர்

சர்டிபிகேட்டுக்கு அனுபவம் வேண்டும். சர்டிபிகேட் இல்லாமல் செய்த வேலை அனுபவத்தில் சேராது. இந்த வட்டத்துக்குள் நுழைய ஒரே வாசல், லைசென்ஸ் உள்ளவரின் கீழ் பெயர் எழுதிக்கொள்வது. பழனிச்சாமி எழுதிக்கொண்டார். மலைவேலை வந்தால் இனித் தான் ஏற வேண்டியதில்லை என்ற சந்தோஷம் அவருக்கு. தேர்வுக்குச் செல்வராஜைக் கோவைக்கு அனுப்பினேன்.

"எர்த் குழியில என்ன போடணும்னு கேட்டாங்கக்கா," என்று வந்து சொன்னார். "'டீ'ங்கிற வரைக்கும் வாய் போயிருச்சு."

"அப்புறம்?"

"'டீப்பாத் தோண்டணும் சார், கரி, உப்பு போடணும்'னு முடிச்சுட்டேன்."

சர்டிபிகேட் வந்தது. நான் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினேன். கொஞ்ச நாளில் அது சுவரில் இல்லை.

"திருப்பூர்ல ஒரு மில்லுல வயர்மேன் கேக்குறாங்கக்கா. சர்டிபிகேட் இருந்தா குவாட்டர்ஸும் உண்டாம்."

சர்டிபிகேட் இல்லாத ஆளைத் தடுக்க என்னிடம் ஆயிரம் வார்த்தைகள் இருந்தன. சர்டிபிகேட் உள்ளவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் பஸ்ஸில் அவர் ஏறிவிடக்கூடாது என்று ஓடி ஓடி அந்தப் பேப்பரை வாங்கினேனோ, அதுவே அவருக்கு டிக்கெட்டாகிவிட்டது. பஸ் ஜன்னல் வழியாகப் பாக்கியம் கை காட்டினாள். செல்வராஜ் தலையை நீட்டி, "கம்பத்த கொஞ்சம் ஏத்திக் கட்டுங்கக்கா, எதிர்ச் சரிவுல தேயில வளருது," என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு என் பாடம் இவ்வளவுதான். லைசென்ஸ் எடுங்கள், விதி சும்மா எழுதப்பட்டதல்ல. ஆனால் கம்பெனி யார் பெயரில் இருக்கிறதோ அவரே எடுங்கள். இப்போது பழனிச்சாமியின் கீழ் என் பெயர் இருக்கிறது. கம்பத்தில் நானே ஏறுகிறேன். தலை இன்னும் சுற்றுகிறது. மலையும் கூடவே சுற்றுவதால் அவ்வளவாகத் தெரிவதில்லை.

மேலே நின்று பார்த்தால் எதிர்ச் சரிவில் ஒரு கொத்துச் செடி மட்டும் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும், நாங்கள் குழியிலிருந்து அள்ளிக் கொட்டிய இடத்தில். இந்த மலையில் இப்போது நன்றாக வளரும் தேயிலை அது ஒன்றுதான். பறிக்க ஆளில்லை. சரியாக என் டிஷ்ஷுக்கு நேராக மரமாகிக்கொண்டிருக்கிறது. அதை வெட்ட லைசென்ஸ் வேண்டுமா என்று நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.