குழலின் மறுமுனை

ஒயர் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், சுவருக்குள் பதித்த குழாயில் கயிற்றை விட்டு, அடுத்த அறையில் அதன் மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். "நான் சொன்னதும் மெல்ல இழுங்கக்கா."

இழுத்தேன். அப்பாவின் துப்பாக்கி ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் ஊரில், பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தோம். அப்பாவும் பெரியப்பாவும் சண்டை போட்டு நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். துப்பாக்கியைப் பிரிக்க முடியவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது.

கடலை விதைப்புக்கு முன் குழலைக் கழற்றி உட்புறத்தைத் துலக்குவார்கள். கயிற்றின் நடுவில் எண்ணெய்த் துணியைக் கட்டிக் குழலுக்குள் விட்டு, ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து மாறி மாறி இழுப்பார்கள். நடுவில் நான்.

"ஏட்டி, ஒங்கப்பன மெல்ல இழுக்கச் சொல்லு."

"ஒங்க பெரியப்பாவ வேட்டியப் பிடிக்கச் சொல்லு. உள்ள பளபளப்பு வந்திருச்சான்னு பாக்கணும்."

பெரியப்பா வெள்ளை வேட்டி நுனியை வெளிச்சம் படும்படி மறுமுனையில் பிடிப்பார். அப்பா இந்த முனையில் கண்ணை வைத்துப் பார்ப்பார்.

பெரியப்பா இறந்த வருஷம், அப்பா கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத் தனியாகத் துலக்கினார். முடித்து, வெகுநேரம் குழலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுமாப்பா?" என்றேன்.

"ஒங்க பெரியப்பாட்ட கேட்டுச் சொல்லு" என்றார். சொன்ன பிறகும் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்கன இருக்கீங்களாக்கா?" சுவருக்கு அப்பாலிருந்து எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"இருக்கேன்" என்றேன்.