முப்பது கிலோ நாற்காலி

வார்னிஷ் அறையில் பத்து வருஷம் நின்றும் நுரையீரல் கெடாமல் வெளியே வந்தாள். இரண்டு முறை தேர்வில் விழுந்த பிறகு நாற்பத்தோரு வயதில் கணக்காளர் சான்றிதழ் வாங்கினாள். புருஷன் விட்டுவிட்டுப் போன வீட்டைத் தனியாளாக நின்று காப்பாற்றிக்கொண்டாள். அலுவலகத்தில் ஜன்னலோர மேசையைக்கூட நான்கு வருஷம் கேட்டுத்தான் பெற்றாள். ஒதீல் தூவ்னோ வென்றது இவ்வளவுதான். யாரும் மாலை போடுகிற வெற்றிகள் இல்லை. ஆனால் அவளுடைய அண்ணன் ரெஜீஸ் இவற்றில் ஒன்றைக்கூட விடாமல் வரிசையாகச் சொல்லுவான், அதுவும் தேதியோடு.

பிரான்சில் வோஜ் மலைப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், முப்பது பேர் வேலை செய்யும் நாற்காலிப் பட்டறை அது. ரெஜீஸ் அங்கே பொருத்தும் பிரிவின் மேஸ்திரி. ஒதீல் மாடியில் அலுவலகத்தில்.

2019 ஏப்ரலில் அந்தக் கடிதம் வந்தது. மேசை நாற்காலி செய்து விற்கிறவர்கள், அவை பழசாகித் தெருவுக்கு வந்தபின் பிரித்து மறுபடி பயன்படுத்தும் செலவில் தங்கள் பங்கைத் தர வேண்டும் என்பது சட்டம். அதற்காக உள்நாட்டில் எத்தனை விற்றார்கள், அவற்றின் மொத்த எடை என்ன என்று வருஷாவருஷம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியது சரிதானா என்று பார்க்க மே இருபதாம் தேதி ஒரு தணிக்கை அம்மாள் வருவார் என்றது கடிதம். பல வருஷமாக அதை எழுதிக் கொடுத்தவர் கிறிஸ்மஸோடு ஓய்வு பெற்றுத் தெற்கே கடலோரம் போய்விட்டார். கோப்பு ஒதீல் மேசைக்கு வந்தது.

மறுநாள் மதியம் அவள் கீழே இறங்கி வந்தாள். ரெஜீஸ் ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"ரெஜீஸ், நம்ம நாற்காலி என்ன எடை?"

"அஞ்சு கிலோ. பத்து வருஷம் தூக்கினவ நீ, என்கிட்ட கேக்குற?"

"இந்தப் பேப்பர்ல முப்பது கிலோ இருக்கு. மொத்த எடையை எண்ணிக்கையால வகுத்துப் பாத்தேன். ஈயத்துல செய்றீங்களா என்ன?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. செய்து முடித்த நாற்காலிகளுக்குக் கோடு போடும் சுவர்க் கரும்பலகையைக் காட்டினாள்.

"அந்த ஒரு கோடு எத்தனை?"

ரெஜீஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். ஒரு கோடு என்றால் ஆறு. பட்டறையில் நாற்காலி எப்போதும் ஆறாகத்தான் பிறக்கும், ஒரு சாப்பாட்டு மேசைக்கு ஆறு. ஒட்டு காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்திலும் ஆறுதான் நிற்கும். அவன் அப்பா காலத்திலிருந்தே ஆறு முடிந்தால் ஒரு கோடு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்றுப் போனவர் வாராவாரம் மாடியிலிருந்து வந்து, ஒரு கோட்டை ஒரு நாற்காலி என்று எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றான்.

"அவரு கேக்கல. நீ சொல்லல. மூணு வருஷம் ஆறுல ஒண்ணுதான் எழுதியிருக்கோம். அதுக்கு முன்னாடி எப்படியோ, கடவுளுக்குத்தான் தெரியும்."

முதலாளி ஜெரார்தானை எல்லோரும் மெஸ்யே, அதாவது ஐயா, என்றே கூப்பிடுவார்கள். மோசமான மனிதர் இல்லை. களைத்த மனிதர். ஒதீல் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்த வருஷத்துலருந்து சரியா எழுதிடுவோம். பழசை எதுக்கு நாமளே கிளறணும்?"

"பழசுதான் குப்பைக் கிடங்குக்கு வருது மெஸ்யே. அங்க அது ஆறு ஆறாத்தான் வருது."

"அந்த அம்மா கண்டுபிடிச்சா பாத்துக்கலாம்."

"நான் கண்டுபிடிச்சிட்டேனே."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்போ நீங்களே கையெழுத்துப் போடுங்க, ஒதீல். அதிகாரம் எழுதித் தரேன். சரியா இருந்தா நல்லது. தப்பா இருந்தா, அதுல இருக்கறது உங்க பேரு."

இதை மாலையில் கேட்டதும் ரெஜீஸுக்குப் பொறுக்கவில்லை. இருபத்துமூன்று வருஷமாக அவள் கையிலிருந்து போன ஒவ்வொரு தாளிலும் முதலாளியின் பெயர்தான். அதற்கு முன்னால் 'அவர் ஆணைப்படி' என்பதற்கு அடையாளமாக இரண்டு எழுத்தும், அவள் கையெழுத்தாக ஒரு கீறலும். அவ்வளவுதான் அவள். இப்போது மாட்டிக்கொள்ள மட்டும் சொந்தப் பெயரா?

"விட்டுடு, பொண்ணே. ஓய்வுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு உனக்கு. வேலை போனா இந்த ஊர்ல வேற என்ன இருக்கு? வேணும்னா என் பேரைப் போடு. கோடு போட்டவன் நான்தான்."

"உன் பேரை யாரு கேட்டா? பெரிய மனுஷன்! நோட்டை எடுத்துட்டு வா."

பலகையைச் சனிக்கிழமைதோறும் துடைத்துவிடுவார்கள். ஆனால் துடைக்கும் முன் ரெஜீஸ் ஒவ்வொரு கோட்டையும், அது எந்த ஊருக்குப் போனது என்பதோடு, சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வான். அது வியாதி மாதிரி என்று அவன் மனைவி சொல்லுவாள். மூன்று வருஷத்துக்குப் பதினொரு நோட்டுகள் இருந்தன.

பதினேழு நாள் மதிய இடைவேளை அதிலேயே போயிற்று. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இவர்கள் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாசிப்பான், அவள் எழுதுவாள். பிறகு அவள் வாசிப்பாள், அவன் சரிபார்ப்பான். பெல்ஜியத்துக்குப் போனவை உள்நாட்டு விற்பனை இல்லை. அவற்றைக் கழிக்க வேண்டும். கை வைத்த நாற்காலிக்குக் கோட்டுக்குப் பதில் ஒரு வட்டம், அது ஆறு இல்லை, ஒன்றுதான். வார்னிஷ் சரியில்லை என்று திரும்பி வந்து மறுபடி போனவற்றை இரண்டு தரம் எண்ணக் கூடாது. ஏழாம் நாள் 2017-இல் ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனது தெரிந்து முதலிலிருந்து தொடங்கினார்கள். அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. தலையை மேசையில் சாய்த்தபடியே சொன்னாள்:

"ரெஜீஸ், இந்த ஊர்ல மனுஷங்க நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்கக் கூடாதா?"

"நமக்குச் சோறு போட்டதே அவங்க உக்காந்ததுதான்."

"அதுவும் சரிதான். படி, அடுத்த வாரம்."

2018-க்கு அறிவித்திருந்தது ஆயிரத்து நூற்று நாற்பது. கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்து எண்ணி முடித்தபோது ஐயாயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு. மூன்று முறை கூட்டினாள். மூன்று முறையும் அதே எண். சந்தோஷப்படக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

திருத்தப் பத்திரத்தை, தணிக்கை அம்மாள் வருமுன்னே தாங்களாகவே அனுப்புவதென்று முடிவு. அவள் அதை அச்செடுத்து மேசையில் வைத்தாள். முதலாளி எழுதித் தந்த அதிகாரக் கடிதம் பக்கத்தில் இருந்தது. ரெஜீஸ் கதவருகே தொப்பியைப் பிடித்தபடி நின்றான். பேனா தாளைத் தொட்டதும் அவள் கை பழக்கதோஷத்தில் 'அவர் ஆணைப்படி' என்கிற அந்த இரண்டு எழுத்தையும் எழுதிவிட்டது.

"ஐயோ, கழுதை," என்றாள், தன்னையே.

"இன்னொரு தாள் எடு," என்றான் ரெஜீஸ்.

அச்சு இயந்திரம் சூடாவதற்குள் அவள் முதல் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள். இரண்டாவது தாளில் அவள் மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, தன் முழுப் பெயரையும் எழுதினாள். கீழே தேதி போட்டாள்: 2019 மே 17.