முன்வரிசைக்கு வந்த கேலன்

முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர கேலன் டியாடனுக்கு வேறு ஆசை இருந்ததாக அவன் அக்கா ஆர்லிஸுக்குத் தெரியாது. அயோவாவில், டெல்மோர் விமானச் சங்கம் வருடந்தோறும் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நடத்தும் ஒன்றுகூடலில், முன்வரிசை சொந்தக் கையால் விமானம் கட்டியவர்களுக்கு மட்டும். ஆலையில் செய்ததும், கூலி கொடுத்துக் கட்டுவித்ததும் பின்னால், சோளக்காட்டு ஓரத்தில்.

தானியக் கிடங்கில் வேலை முடிந்து வந்து, கார் கொட்டகையில் ஒன்பது வருடம் நான்கு மாதம் விமானத்தைக் கட்டினான். தகடுகளை இணைக்க அவன் காற்றழுத்தத் துப்பாக்கியால் தறையாணியை அடிப்பான். மறுபுறம் ஆணியின் முனை நசுங்கிப் பிடித்துக்கொள்ள ஆர்லிஸ் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பாள். பதினோராயிரம் ஆணி. கல்யாணம் செய்துகொள்ள அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. கேட்டவர்களும் இல்லை.

அந்த ஜூனில் அவன் பறந்து வந்து இறங்கினான். ஆர்லிஸ் மடக்கு நாற்காலிகளோடு காரில் முன்பே வந்திருந்தாள். யார் எங்கே நிறுத்துவது என்று பார்க்கும் சங்கத்துக்காரர், ஆரஞ்சு மேலாடை போட்ட வெண்டல், விமானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் காட்டினார். கேலன் ஒரு வார்த்தை பேசாமல் சோளக்காட்டு ஓரத்தில் போய் நிறுத்தினான்.

“ஏன்டா, வாயில என்ன பசையா ஒட்டியிருக்கு?” என்றாள் ஆர்லிஸ்.

“அவர் சொன்னாரு, வந்துட்டேன்.”

“ஒன்பது வருஷம் இதுக்கா?”

“விடுக்கா. இங்க நிழலாவது இருக்கு.”

நிழல் இல்லை. ஆர்லிஸ் போய் வெண்டலை அழைத்து வந்தாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா,” என்றார் அவர், இறக்கையைத் தடவி. “இவ்வளவு சுத்தமா வேலை செய்யணும்னா பட்டறைக்குக் காசு கொடுத்திருக்கணும். போன வருஷம் ரெண்டு பேரு அப்படிக் கொண்டுவந்து எங்களை ஏமாத்தப் பார்த்தாங்க.”

ஆர்லிஸ் படப் புத்தகங்களை நீட்டினாள். ஆயிரத்து நானூறு படங்கள், தேதியோடு. வெண்டல் நிதானமாகப் புரட்டினார்.

“படமெல்லாம் பிரமாதம். இதுல ஆளு எங்கம்மா?”

எல்லாப் படத்திலும் தகடு, ஆணி, அளவுகோல். முகம் தெரிந்தால் வேலை மறைந்துவிடும் என்று ஆர்லிஸ்தான் ஒவ்வொரு முறையும் அவனை நகரச் சொல்லியிருந்தாள்.

கேலன் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் வால் பக்கம் கை காட்டினாள்.

“வாலுக்கு அடியில படுத்துப் பாருங்க. இடது பக்கம், ஏழாவது ஆணி.”

“அக்கா, சும்மா இரு!”

வெண்டல் முதுகைப் புல்லில் சாய்த்து உள்ளே நகர்ந்தார். வெகுநேரம் அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

“அடப்பாவமே,” என்றது குரல். “இதை யாரு கெடுத்தது?”

“நான்தான்,” என்றாள் ஆர்லிஸ். “கட்டை வழுக்கிடுச்சு.”

“எடுத்துட்டு வேற போடலாமே?”

“எடுத்தா ஓட்டை பெரிசாயிடும்,” என்றான் கேலன். “மூணு நாள் யோசிச்சு விட்டுட்டேன்.”

வெண்டல் வெளியே வந்து, முதுகுப் புல்லைத் தட்டக்கூடச் செய்யாமல் சொன்னார்: “பட்டறைக்காரன் இதுக்கு அஞ்சு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டான். என்னோடதுல இப்படி நாற்பது இருக்கு. தள்ளுங்க தம்பி, முன்னால போகலாம்.”

மூவருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெண்டலுக்கு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கமில்லை; ஏழாவது ஆணியைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். மத்தியானத்துக்குள் முப்பத்துநான்கு பேர் வாலுக்கடியில் படுத்து எழுந்தார்கள். ஆர்லிஸ் எண்ணினாள். ஏழு அடுக்கு வண்ணப்பூச்சை ஒருவரும் கவனிக்கவில்லை.

வாழ்நாளில் அவ்வளவு பேரோடு பேசியிராத கேலன், குனிந்த ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னான்.

“அது எங்கக்கா கெடுத்தது. மத்த பதினோராயிரமும் அவ பிடிச்சதுதான்.”

ஆர்லிஸ் இரண்டில் எதையும் மறுக்கவில்லை.