அடைப்புக்குறிக்குள் ஓர் இடைவெளி

போன வாரம் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஒரு கிளினிக். வருகையைப் பதிய, கைபேசியில் என் அடையாள எண்ணை நகலெடுத்து ஒட்டினேன். 'தவறான எண்' என்றது. பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கும் எண்! மறுபடி ஒட்டினேன், மறுபடி சிவப்பு. எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் உள்ளே போய்விட்டார்கள். எண்ணின் வாலில் விரலை வைத்துப் பார்த்தால், ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழித்தேன், பச்சை. பக்கத்து நாற்காலி அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையும் இந்த இடைவெளியும் சேர்ந்து என்னைப் பாத்திமா அக்காவின் மேசைக்கே கொண்டுபோய்விட்டன.

ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கிராஞ்சியில் இருந்த ஒரு தொழிலாளர் விடுதிக்கு ஆள் பட்டியல் பராமரிப்பதுதான் வேலை. தொற்றுக் காலம் முழுதாக ஓய்ந்திராத நாட்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம்தான் வெளியே விடுவார்கள். பட்டியலில் உள்ள பர்மிட் எண்ணும் கையிலுள்ள அட்டையும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் விடுதிக் கேட்டு திறக்கும்.

பட்டியலைத் தட்டுவது அக்கா. டைப்ரைட்டர் காலத்து விரல்கள், மூட்டுக்கு மூட்டு தைலம். பெயர், எண், அறை, நடுவில் காற்புள்ளி. அதோடு விடமாட்டார். எல்லாம் நேர்கோட்டில் நிற்கும்வரை ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருப்பார். "கோணலா இருந்தா எனக்குச் சோறு இறங்காது லா" என்பார்.

எண்ணோடு இடைவெளி ஒட்டியிருந்தால் கேட்டு ஏற்காது; பட்டியல் அங்கே போகுமுன் அந்த அழகைக் கலைக்கத்தான் நான் பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதினேன். எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே காணொளி பார்த்துக் கற்ற வித்தை. ஸ்ட்ரிப் என்று ஒரு கட்டளை. சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை உரித்துப்போடும். எதை உரிக்க வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லலாம். நான் கறாரான ஆள் இல்லையா? மேற்கோள்குறி போட்டு, நடுவே ஒரேயொரு இடைவெளி வைத்தேன். ஜம்மென்று வேலை செய்தது. தலை கொஞ்சம் கனத்தும் போனது.

கனத்த தலையோடு ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் பின்னால் போய் நின்றேன். "எத்தன தடவக்கா தட்டுவீங்க, விரல் என்னத்துக்கு ஆகும்? டேப் கீய ஒரு தடவ அமுக்குங்க."

அமுக்கினார். கர்சர் ஓடிப்போய் நேராக நின்றது. "அடேங்கப்பா! இத இத்தன நாளா ஒளிச்சா வச்சிருந்தே?"

அன்று அவர் புதிதாகத் தட்டிய வரி ஒன்றுதான். பர்மிட் மாறிய ராஜேந்திரனுடையது.

ராஜேந்திரன் வெல்டர், புதுக்கோட்டைப் பக்கம். போன் செய்தால் "சாப்டீங்களாண்ணே" இல்லாமல் பேச்சு தொடங்காது. அவன் அண்ணன் தீவின் மறுகோடியில் வேறொரு விடுதியில். வேலை முடித்து, அந்த ஞாயிறு மாலை ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். ஒரே சிங்கப்பூரில் இருந்தும் ஒன்றரை வருடமாக இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. பதினொன்றுக்கு லிட்டில் இந்தியாவில் சந்தித்து, ஒரு வேளை சேர்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பத்து மணிக்குப் போன் வந்தது. சாப்பாட்டை விசாரிக்கவில்லை. "அண்ணே, கேட்டு திறக்கல. என் நம்பரே இல்லேங்குது."

அலுவலகத்துக்கு ஓடினேன். திரையில் எண் பளிச்சென்று இருக்கிறது. "இருக்கே ராஜேந்திரா!"

"நீங்க இருக்குங்கிறீங்க. கேட்டு இல்லேங்குதே."

கையால் திறந்துவிடக் காவலருக்கு அதிகாரமில்லை. எண்ணை அழித்து மறுபடி தட்டினேன். அதன் வாலில் ஏதாவது இருக்கும் என்று தோன்றவில்லை. அக்காவோ ஒரு கல்யாண வீட்டில், போனை எடுக்கவில்லை.

பன்னிரண்டுக்கு மறுபடி அவன். "அண்ணன் இங்கயே வந்துட்டாருண்ணே. வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு." தள்ளி ஒரு குரல் கேட்டது: "அவர வையாதடா, அவரும் பாத்துக்கிட்டுத்தான இருக்காரு." பிரியாணிப் பொட்டலம் வேலிக்கு அடியில் போனதாம். ஆளுக்கொரு பக்கம் நின்றே சாப்பிட்டார்களாம்.

ஒரு மணிக்குத்தான் அக்கா எடுத்தார். "என்னக்கா செஞ்சீங்க அந்த வரியில?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"நீ சொன்னதத்தான் செஞ்சேன் லா. டேப்பு."

என் நாலு வரியைத் திறந்தேன். கண்ணுக்கு இரண்டும் வெறுமைதான். கணினிக்கு டேப் வேறு, இடைவெளி வேறு. நான் இடைவெளியை மட்டும் உரிக்கச் சொல்லியிருந்தேன். அடைப்புக்குறிக்குள் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் இரண்டையுமே உரித்திருக்கும். என் கறாரை அழித்து, பட்டியலை மறுபடி கேட்டுக்கு அனுப்பி, ராஜேந்திரனை அழைத்தேன்.

"இப்ப அட்டையக் காட்டு."

கீங் என்று ஒரு சத்தம். "திறந்துருச்சுண்ணே."

"ஓடு, ஓடு!"

"அவருக்கும் நாலு மணி நேரம்தானண்ணே, பஸ் ஏறிக் கால்மணி நேரம் ஆச்சு. எங்க ஓடுறது?" பிறகு, "நீங்க சாப்டீங்களாண்ணே?"

அந்த விடுதி இப்போது இல்லை. வேலியைக் கூடப் பிரித்துவிட்டார்கள். எங்கள் மாடி சின்ன ஹோட்டல் ஆகிவிட்டது. அக்கா மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ராஜேந்திரன் ஊர் திரும்பியபோது பட்டியலிலிருந்து அவன் வரியை நீக்கியது நான்தான். நீக்குமுன் எண்ணின் வாலில் கர்சரை வைத்துப் பார்த்தேன். அக்காவின் டேப் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, யாருக்கும் தொல்லை தராமல். வரியோடு சேர்த்து அதையும் அழித்தேன்.